நெசு கிராமத்துப் பெண்களுக்கு நான் செய்த அநியாயம்

கோயோ குங்கன் என்ற நூலை நான் பார்த்ததில்லை. அதன் ஒரு பக்கத்தை மொழிபெயர்ப்பில்கூடப் படித்ததில்லை. ஆனாலும் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவிக்கு எழுதிய பதிலில், "நீங்கள் கேட்ட செய்திகள் அனைத்தும் கோயோ குங்கன் என்னும் ஜப்பானிய வரலாற்று நூலில் உள்ளன" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அது பொய். தெரியாமல் நேர்ந்த பிழை என்று அதைச் சொல்ல முடியாது. எழுதும்போதே எனக்கு அது பொய் என்று தெரியும்.

அந்தப் பதில் எழுந்த கதை இது.

ஒரு வார இதழின் மகளிர் தினச் சிறப்பிதழுக்கு உலகத்து வீரப் பெண்கள் என்ற வரிசையில் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஜான்சி ராணி, வேலுநாச்சியார், ஜோன் ஆஃப் ஆர்க் என்று எல்லோரும் எழுதுகிறவர்களையே நானும் எழுத விரும்பவில்லை. தமிழில் யாரும் தொடாத ஒருத்தி வேண்டும் என்று தேடினேன். கிடைத்தவர் மொச்சிசுகி சியோமே.

அன்று நான் எழுதிய கதை இது. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பான், சிற்றரசர்களின் கையில் சிதறிக் கிடக்கிறது. காய் என்ற மலைநாட்டை ஆள்கிறவர் தகேதா ஷிங்கென். வடக்கே எச்சிகோ நாட்டில் அவருடைய பரம எதிரி உவெசுகி கென்ஷின். இருவருக்கும் நடுவில் கிடக்கும் ஷினானோவுக்காக 1553 முதல் 1564 வரை கவானகாஜிமா சமவெளியில் ஐந்து முறை இரு படைகளும் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றில் 1561இல் நடந்த நான்காவது போர்தான் மிகக் கொடியது. அந்தப் போரில் கணவனை இழந்த பிரபு குலத்துப் பெண் சியோமே. ஷிங்கென் அவரை அழைத்து ஒரு ரகசியப் பணியைத் தருகிறார். போரில் தாய் தகப்பனை இழந்த சிறுமிகளைச் சியோமே நெசு என்ற கிராமத்தில் சேர்க்கிறார். வெளியாருக்கு அவர்கள் மிகோ, அதாவது கோயில் ஊழியம் செய்யும் பெண்கள். உள்ளுக்குள் ஒற்று, வேடம், விஷம், ஆயுதம் என எல்லாவற்றிலும் பயிற்சி பெற்ற பெண் நிஞ்சாக்கள். முந்நூறு பேர். ஊர் ஊராகப் போய் ஷிங்கெனுக்குச் செய்தி கொண்டுவருகிறார்கள்.

ஷிங்கெனும் சியோமேயும் பேசுவதாக ஒரு காட்சியும் வைத்திருந்தேன். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே கணப்பு எரிகிறது. "என் கணவர் வாளோடு போனார், நான் வாள் இல்லாமல் போகிறேன்" என்று அவர் சொல்கிறார். வாசகர்கள் அதிகம் மெச்சியது அந்த வரியைத்தான். அதை எழுதியவள் நான். சியோமே அப்படிச் சொன்னதாக எங்கும் இல்லை. கணப்பும் பனியும்கூட நான் சேர்த்தவை.

கட்டுரையை ஒரே மாலையில் எழுதினேன். இதழ் முடிக்க மூன்று நாள் இருந்தது. நேரம் இல்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதுவும் உண்மையில்லை. ஒரு நாளாவது இருந்து பார்த்திருக்கலாம். பார்த்தால் கதை கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது. அந்த பயம்தான் என் குற்றத்தின் வேர்.

ஏனென்றால் இடறல்கள் அன்றைக்கே கண்ணில் பட்டன. ஓர் இடத்தில் சியோமேயின் கணவர் ஷிங்கெனின் உறவினர் என்று இருந்தது, இன்னோர் இடத்தில் வெறும் படைத்தலைவர். பெண்களின் தொகை ஓர் இடத்தில் இருநூறு, வேறோர் இடத்தில் இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடையில். நான் முந்நூறை எடுத்துக்கொண்டேன். பெரிய எண் தலைப்பில் நன்றாக நிற்கும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. சியோமே பிறந்த ஆண்டு இல்லை, இறந்த ஆண்டு இல்லை. அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட எங்கும் பேசப்படவில்லை. முந்நூறு பேரில் ஒருத்திக்குக்கூடப் பெயர் இல்லை. அவர்கள் கொண்டுவந்த ஒரு செய்தியால் இன்ன போர் இன்ன விதமாக முடிந்தது என்று ஒரு சம்பவமும் இல்லை.

இத்தனை ஓட்டைகளைப் பார்த்த பிறகு ஒரு நல்ல எழுத்தாளர் பேனாவைக் கீழே வைத்திருப்பார். நான் அந்த ஓட்டைகளையே அலங்காரமாக்கினேன். "நிழலில் வாழ்ந்தவர் நிழலிலேயே மறைந்தார், ஒற்றருக்குச் சுவடு ஏது" என்று எழுதினேன். ஆதாரம் இல்லாததையே ஆதாரமாகக் காட்டும் இந்த வித்தை, ரகசியம் என்ற சொல் வரும் எந்த விஷயத்திலும் சுலபமாகப் பலிக்கும். சுவடு கிடைத்தால் இருந்தார் என்று பொருள், கிடைக்காவிட்டால் திறமையாக மறைந்தார் என்று பொருள். இப்படி எழுதத் தொடங்கிவிட்டால் எதையும் யாரும் மறுக்க முடியாது. அது எனக்கு அன்று தெரிந்தே இருந்தது.

கட்டுரை வந்த வாரம் பாராட்டு குவிந்தது. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் சியோமேயை நாடகமாகப் போட்டார்கள் என்று ஒரு தலைமையாசிரியை எழுதியிருந்தார். அந்த மகிழ்ச்சிக்கு நடுவில்தான் அந்த மாணவியின் கடிதம் வந்தது. வரலாறு படிக்கிறவர். தம் துறைக் கருத்தரங்கில் போர்களில் பெண் ஒற்றர்கள் பற்றிப் பேசப்போவதாகவும், சியோமேயைச் சேர்க்க விரும்புவதாகவும், எனக்கு ஆதாரமாக இருந்த நூல் எது என்றும் கேட்டிருந்தார். பணிவான, கச்சிதமான கடிதம். அதில் ஒரு வரி: "முந்நூறு என்ற எண்ணை யார் எழுதி வைத்தார்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்."

அவர் கேட்டது நான் என்னிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. தேடியபோது எங்கோ கண்ணில் பட்ட கோயோ குங்கன் என்ற பெயரை எழுதி அனுப்பினேன். ஷிங்கென் குலத்தின் வரலாற்றைச் சொல்லும் நூல் என்ற மட்டும் அதைப் பற்றித் தெரியும். ஜப்பானிய நூலை இங்கே யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்ற துணிச்சல் எனக்கு.

எடுத்துப் பார்க்க ஆள் இருந்தார். அந்தக் கருத்தரங்கில் தலைமை வகித்தவர் ஜப்பானிய வரலாற்றில் ஓரளவு பரிச்சயம் உள்ளவராம். "கோயோ குங்கனில் எந்தப் பகுதியில் வருகிறது அம்மா?" என்று கேட்டிருக்கிறார். மாணவி என் பெயரைச் சொல்லியிருக்கிறார். "அவர் எழுதியிருக்கட்டும், நீ பார்த்தாயா?" என்று அவர் கேட்க, இவர் மேடையில் நின்றிருக்கிறார். இதை எனக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் கோபமே இல்லை. "நான்தான் சரிபார்த்திருக்க வேண்டும். உங்களுக்குப் பகுதி எண் தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள் மேடம்" என்று முடித்திருந்தார்.

நான் பதில் எழுதவில்லை.

அந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை. மேசையின் கடைசி இழுப்பறையில் பழைய ஒப்பந்தத் தாள்களுக்கு அடியில் வைத்தேன். வேறு எதையோ தேடித் திறக்கும் போதெல்லாம் அந்த நீல மை கண்ணில் படும். உடனே மூடிவிடுவேன். இப்படியே ஆண்டுகள் ஓடின. இடையில் அந்தக் கட்டுரையை என் தொகுப்பு ஒன்றில் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்டபோது வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். பக்கம் கூடிவிடும் என்றேன். அதுவும் ஒரு பொய்.

என் அண்ணன் மகள் ஜப்பானில் படித்து, அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஒரு நாள் வீட்டில் பேச்சுவாக்கில் இந்தக் கட்டுரை வந்தது. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "இந்தம்மா கதையை முதல்ல யாரு சொன்னது அத்தை?"

எத்தனை முறை அந்தக் கதையை மேடையில் சொல்லியிருக்கிறேன்! முதலில் சொன்னது யார் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்றிரவு இழுப்பறையைத் திறந்து கடிதத்தை வெளியே எடுத்தேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் துணையோடு படித்தேன். படித்ததை இப்போது வைக்கிறேன். அந்த மாணவிக்கு அன்றே தந்திருக்க வேண்டிய பதில் இது.

கோயோ குங்கன் தகேதா குலத்தின் செயல்களைச் சொல்லும் நூல். ஷிங்கெனின் தளபதி கோசாகா மாசனொபுவின் பெயரில் வழங்குவது, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒபாதா ககெனோரியின் கையில் இன்றைய உருவம் பெற்றது. அதில் சுப்பா என்ற ஒற்றர்கள் வருகிறார்கள். ஷிங்கென் ஒற்றரைப் பயன்படுத்தினார் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அங்கே சியோமே என்ற ஒற்றர் தலைவி இல்லை. நான் எந்த நூலைச் சாட்சிக்கு இழுத்தேனோ அது எனக்கு எதிராகவே நிற்கிறது.

மொச்சிசுகி குடும்பம் உண்மை. ஷினானோவின் பழைய குடி. அவர்கள் ஊரைச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலத்திலிருந்து அரசவைக்குக் குதிரைகள் போயின. மொச்சிசுகி என்றால் முழுநிலவு. எட்டாம் மாதத்து முழுநிலா நாளையொட்டிக் குதிரை செலுத்தும் வழக்கத்தால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஷிங்கெனுக்கு அடங்கிய பின், அவர் தம்பி நொபுஷிகேயின் மகன் அந்தக் குடும்பத்துக்குச் சுவீகாரமாகப் போனார். அந்த நொபுஷிகே 1561ஆம் ஆண்டுப் போரில் கவானகாஜிமாவிலேயே இறந்தார். இவ்வளவும் உறுதியான நிலம். இந்த நிலத்தின் மேல்தான் நான் இல்லாத கோட்டையைக் கட்டினேன்.

பெண் நிஞ்சாவைக் குறிக்கும் குனோஇச்சி என்ற சொல்லை என் கட்டுரையில் பத்து இடத்திலாவது போட்டிருப்பேன். அண்ணன் மகள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். கு என்ற எழுத்து, நோ என்ற எழுத்து, ஒன்று என்பதைக் குறிக்கும் ஒற்றைக் கோடு. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் பெண் என்ற சித்திர எழுத்து வருகிறது. எழுத்தைப் பிரித்து விளையாடும் மறைமொழி அது. எடோ எனப்படும் வரலாற்றுக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பெண் என்பதற்கு மேல் பொருள் இல்லை. 1676இல் ஃபுஜிபயாஷி தொகுத்த பான்சென்ஷூகாய் என்ற பெரிய ஒற்றுக்கலை நூலின் எட்டாம் பகுதியில் குனோஇச்சி உபாயம் என்று ஒன்று உண்டு. ஆண் நுழைய முடியாத வீட்டுக்குள் ஒரு பெண்ணை அனுப்புவது பற்றியது அது. கறுப்புடையும் குறுவாளும் கொண்ட பெண் படை எதுவும் அதில் கிடையாது. பெண் நிஞ்சா என்ற பொருளை அந்தச் சொல்லுக்கு ஏற்றிப் பரப்பியது 1960களின் தொடக்கத்தில் புகழ்பெற்ற யமாதா ஃபூதாரோவின் நாவல்களும் அவற்றையொட்டி வந்த திரைப்படங்களும். அதற்கும் முன்பே, 1911இல் ஒசாகாவில் தொடங்கிய தாச்சிகவா புன்கோ என்ற மலிவுப் பதிப்பு வரிசை சனாதா என்ற படைத்தலைவரின் பத்து வீரர்கள் என்ற கதையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோயிருந்தது. அந்தக் கற்பனை வீரர்களில் ஒருவர் பெயர் மொச்சிசுகி ரொகுரோ, இன்னொருவர் பெயர் நெசு ஜின்பாச்சி. மொச்சிசுகி, நெசு என்று கேட்டாலே நிஞ்சா நினைவு வரும்படி மண் ஏற்கெனவே பதமாக்கப்பட்டிருந்தது.

சரி, சியோமே எங்கிருந்து வந்தார்? 1930இல் நகயாமா தாரோ என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் ஜப்பானிய மிகோக்களின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதினார். நெசு கிராமத்து மிகோக்களையும், ஷிங்கென் காலத்தில் அவர்களுக்குத் தலைமையாக மொச்சிசுகி குடும்பத்துப் பெண் ஒருவர் வைக்கப்பட்டார் என்ற செய்தியையும் அது பேசுகிறது. 1971இல் இனகாகி ஷிசெய் என்பவர் தம் நூலில் அந்த மிகோக்கள் ஷிங்கெனின் ஒற்றர்களாக இருந்தார்கள் என்ற கருத்தை முன்வைத்தார். ஒருவரின் ஊகம் அது. அடுத்து எழுதியவர்கள் ஊகத்தைச் செய்தியாக்கினார்கள், அவர்களுக்கு அடுத்தவர்கள் செய்தியை வரலாறாக்கினார்கள், ஆங்கிலத்துக்கு வந்தபோது பயிற்சிப் பள்ளியும் பாடத்திட்டமும் சேர்ந்துவிட்டன. கடைசியில் நான் பனியையும் கணப்பையும் சேர்த்தேன். 2017இல் மியெ பல்கலைக்கழகத்தின் யோஷிமாரு கத்சுயா இந்தக் கதையின் ஒவ்வொரு கண்ணியையும் பின்னோக்கிச் சோதித்து, சியோமே என்ற ஒற்றர் தலைவிக்கு அக்காலத்து ஆதாரம் இல்லை என்று எழுதினார்.

அதே 2017இல் ஸ்டீபன் டர்ன்புல் என்ற ஆங்கில வரலாற்றாசிரியரின் நூல் ஒன்றும் வந்தது. 1991இலேயே நிஞ்சாக்களைப் பற்றி நூல் எழுதி, உலகம் முழுவதும் அந்த ஆர்வத்தை வளர்த்தவர்களில் ஒருவர் அவர். கால் நூற்றாண்டு கழித்து, நிஞ்சாக் கட்டுக்கதை எப்படி உருவானது என்று ஆராய்வதற்கே ஒரு புத்தகத்தை ஒதுக்கினார். அதை அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் ஒரு துறையில் இருந்தவர் தாம் நடந்த பாதையைத் திரும்பிப் பார்க்கிறார். ஒரு மாலைப் பொழுதில் எழுதியதைத் திருத்த எனக்கு இத்தனை ஆண்டு பிடித்தது.

இதுவரை சொன்னது ஒரு பொய்யும் அதன் பிறப்பும். என்னை இன்று அதிகம் உறுத்துவது வேறு. நெசு கிராமத்து மிகோக்களைப் பற்றிப் படித்தபோதுதான் நான் செய்த அநியாயத்தின் முழு அளவு விளங்கியது.

நெசு இன்று நகானோ மாநிலத்தில் தோமி நகரத்துக்குள் அடங்கிய பகுதி. அங்கே மிகோக்கள் இருந்தது உண்மை. அவர்கள் பெரிய கோயிலில் வெள்ளை மேலாடையும் சிவப்புக் கீழாடையும் அணிந்து நிற்கும் மிகோக்கள் அல்லர். நடக்கும் மிகோ என்ற பொருளில் அருகி மிகோ என்பார்கள், அந்த வட்டாரத்தில் நோனோ என்றும் அழைத்தார்கள். துணியில் சுற்றிய சிறு பெட்டியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடப்பார்கள். யார் வீட்டில் சாவு விழுந்ததோ, யாருடைய மகன் போன இடம் தெரியவில்லையோ, அந்த வீட்டார் அழைப்பார்கள். வில்லின் நாணைக் குச்சியால் தட்டி, அந்த ஒலியில் தன்னை மறந்து, இறந்தவர் குரலில் பேசுவார்கள். இறந்தவரின் வாக்குக்கு ஷினிகுச்சி என்று பெயர், உயிரோடு தொலைவில் இருப்பவரின் வாக்குக்கு இகிகுச்சி. சிறுமிகளை எடுத்து வளர்த்து இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தார்கள். எடோ காலம் முழுவதும் நெசு அதற்குப் பேர்போன ஊர்.

இது எவ்வளவு கடினமான பிழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். மலைநாட்டுப் பாதை, துணையில்லாத பெண்கள், அந்நிய ஊர்கள். போகும் வீட்டிலெல்லாம் துக்கம். மகனை இழந்த தாய் எதிரே உட்கார்ந்து, "அவனுக்குக் குளிருதான்னு கேளுங்க" என்பது போல ஏதோ ஒன்றைக் கேட்டிருப்பாள். அதற்கு அந்த மகனின் குரலில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாக்கை நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம். வாக்குக் கேட்டு நெஞ்சாறிய வீடுகள் இருந்தன என்பதால்தான் அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தார்கள். மேஜி அரசு 1873இல் வில் தட்டி வாக்குச் சொல்வதைத் தடை செய்தது. நாகரிகத்துக்கு ஒவ்வாதது, மக்களை ஏமாற்றுவது என்பது அரசின் பார்வை.

ஏமாற்றுக்காரிகள் என்று அரசாங்கம் சொன்னதற்கும் நான் எழுதியதற்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் வழிபாட்டை வேடம் என்று எழுதினேன். அவர்கள் பெட்டிக்குள் விஷத்தை வைத்தேன். துக்க வீட்டுக்குள் நுழைந்தவளை வேவு பார்க்க வந்தவள் என்றேன். அந்தப் பெண்களுக்கென்று இருந்த ஒரே தொழிலையும் ஒரே நம்பிக்கையையும் வெறும் முகமூடி என்று சொல்லிவிட்டு, அதற்குப் பெண் பெருமை என்று தலைப்பும் கொடுத்தேன். கதையில் அவர்களுக்குப் பெயர் இல்லையே என்று வருந்தியதாக எழுதியிருந்தேன். அவர்களிடம் மிச்சம் இருந்த அடையாளத்தையும் அழித்தது நான்தான்.

ஏன் அப்படி எழுதினேன்? அன்று என்னிடம் கேட்டிருந்தால், பெண்களுக்கு ஊக்கம் தரும் கதைகள் வேண்டும், அதற்காக என்று சொல்லியிருப்பேன். இன்று அந்தப் பதிலை நானே ஏற்கமாட்டேன். பெண் என்றால் வாள் எடுத்தால்தான், நூறு பேரை ஏவினால்தான், அரசனுக்குப் பயன்பட்டால்தான் எழுதத் தகுந்தவள் என்று எனக்குள் ஓர் அளவுகோல் இருந்தது. நடந்து பிழைத்த குறிகாரிகள் அந்த அளவுகோலில் தேறவில்லை. அவர்களைத் தேற வைக்கத்தான் ஒற்றர்களாக்கினேன்.

இதற்குச் சாட்சியும் என்னிடமே இருக்கிறது. அன்று எழுதிய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். சியோமேயின் பெயருக்கு மேலே இன்னொரு பெயரை எழுதிக் குறுக்கே கோடு போட்டிருந்தேன். மத்சுஹிமே, ஷிங்கெனின் மகள். ஓதா குலத் தலைவர் நொபுநாகாவின் மகன் நொபுததாவுக்கு நிச்சயம் செய்யப்பட்டவர். இரு குலங்களும் பகையானதால் அந்தத் திருமணம் நடக்கவில்லை. 1582இல் தகேதா குலத்தை அழித்த படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் அதே நொபுததா. தோற்ற குலத்துச் சின்னஞ்சிறு பெண் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மலை தாண்டி ஹாச்சியோஜிக்குத் தப்பினார் மத்சுஹிமே. அங்கே ஷின்ஷோ என்ற பெயரில் பிக்குணியானார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தும் துணி நெய்தும் பிழைத்து, அந்தக் குழந்தைகளை வளர்த்து ஆளாக்கி, 1616இல் இறந்தார். அவர் பெயரில் ஷின்ஷோஇன் என்ற கோயில் ஹாச்சியோஜியில் இன்றும் இருக்கிறது. பிறப்பு, இறப்பு, ஊர், கோயில் எல்லாம் உள்ள மனுஷி. குறிப்பேட்டில் அவர் பெயர் அருகே நான் எழுதியிருந்த இரண்டு சொற்கள்: "சண்டை இல்லை."

அந்தக் கோட்டைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆதாரத்தோடு ஒருத்தி நின்றாள். அவள் பெயரை அடித்துவிட்டு ஆதாரமில்லாத ஒருத்தியைக் கூட்டி வந்தேன். அவசரத்தில் செய்தது என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். தேர்ந்தெடுத்துத்தான் செய்தேன்.

சியோமே என்று ஒரு பெண் வாழ்ந்தே இருக்க மாட்டார் என்று நான் இப்போது வாதாடவில்லை. மொச்சிசுகி வீட்டுப் பெண் ஒருவர் நெசு மிகோக்களுக்குத் தலைமையாக இருந்தார் என்ற வழக்கு அந்த வட்டாரத்தில் இருக்கிறது, அதை ஆராய்வது அறிந்தவர்கள் வேலை. முந்நூறு ஒற்றர்கள், பயிற்சிப் பள்ளி, ரகசிய ஆணை ஆகியவற்றுக்கு ஆதாரம் இல்லை என்பதே நான் சொல்ல வேண்டியது. அதை ஒரு பெண்கள் கல்லூரியின் மேடையில் அந்த மாணவி தனியாக நின்றபோது நான் சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற மாதம் அவருடைய பழைய முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில், நான் சொன்ன பொய், மன்னிப்பு மூன்றையும் எழுதியிருந்தேன். முகவரியில் ஆள் இல்லை என்ற முத்திரையோடு அது திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். அம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால், நீங்கள் சரிபார்க்காதது தவறு என்று இனியும் நினைக்க வேண்டாம். நீங்கள் சரிபார்க்கத்தான் எனக்கு எழுதினீர்கள். பொய் சொன்னவள் நான். அன்று கருத்தரங்கில் உங்களிடம் கேள்வி கேட்டவர் இப்போதும் தொடர்பில் இருந்தால் இதை அவரிடமும் காட்டுங்கள்.

அந்தச் சிறப்பிதழைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வாசகர்களிடமும், பள்ளி நூலகத்தில் அதைக் கட்டி வைத்திருக்கும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில், என் பெயருக்குப் பக்கத்தில், "இது வரலாறு அல்ல, எழுதியவரே ஒப்புக்கொண்டார்" என்று பேனாவால் எழுதி வையுங்கள்.